மூடுல் பயிற்சி கொடுத்தும் பி.டி.எஃப். ஏற்றுவதைத் தாண்டவில்லை: ஆசிரியர் பயிற்சியை எப்படி அமைக்கலாம்?

ஒருங்கிணைப்பாளர்_காரைக்குடி

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடி வட்டாரத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரி. 64 ஆசிரியர்கள், 11 துறைகள். சொந்த சர்வரில் மூடுல் (பாடம், அசைன்மென்ட், தேர்வு எல்லாவற்றையும் இணையத்தில் நடத்தும் மென்பொருள்) ஓடுகிறது. மூன்று நாள் பயிலரங்கு இரண்டு முறை நடந்தது. எல்லோரும் வந்தார்கள், சான்றிதழும் வாங்கினார்கள். ஆனால் தளத்தைத் திறந்தால் பெரும்பாலான பாடங்களில் ஐந்து யூனிட்டுக்கு ஐந்து பி.டி.எஃப்., அவ்வளவுதான். அசைன்மென்டை இன்னும் வாட்ஸ்அப்பில்தான் வாங்குகிறார்கள்.

மூன்று பேர் ஆன்லைன் வினாத்தேர்வு வைத்துப் பார்த்தார்கள், மூன்று பேருமே கைவிட்டுவிட்டார்கள். ஒருவருக்குத் தமிழ்க் கேள்விகள் ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தன. இன்னொருவருக்குக் காலை 10 மணிக்கு 280 மாணவர்கள் ஒன்றாக உள்ளே வந்ததும் தளம் நின்றுபோனது. மூன்றாமவரின் தேர்வில் முதலில் எழுதி முடித்தவர்கள் சரியான விடைகளைக் குரூப்பில் போட்டுவிட்டார்கள்.

மாணவர்களில் பாதிப் பேர் புதுவயல், கல்லல், திருமயம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். கையில் போன் மட்டும்தான். ஜூனில் செமஸ்டர் தொடங்குகிறது. இந்த முறை பயிற்சியை எந்த வரிசையில், எத்தனை மணி நேரம் வைப்பது? எதை விட்டுவிடலாம்? அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாட_வடிவம்

சார், மூன்று நாள் தொடர்ச்சியாக உட்காரவைப்பதை முதலில் விடுங்கள். மே மாதம் காட்டிய வினாத்தேர்வு அமைப்பு, ஆகஸ்டில் முதல் இன்டர்னல் வரும்போது யாருக்கும் நினைவிருக்காது. அதற்குப் பதில் 9 மணி நேரத்தை ஒன்றரை மணி நேரம் வீதம் ஆறு அமர்வுகளாகப் பிரித்து, செமஸ்டர் நாள்காட்டியோடு பொருத்துங்கள். எந்த வேலை அடுத்த வாரம் ஆசிரியருக்குத் தேவையோ, அதை இந்த வாரம் சொல்லிக்கொடுக்க வேண்டும். வகுப்பு தொடங்க ஒரு வாரம் முன்பு பாடப் பக்கத்தை அமைப்பது. இரண்டாம் வாரம் அறிவிப்பும் விவாதப் பகுதியும். முதல் இன்டர்னலுக்கு இரண்டு வாரம் முன்பு வினாத்தேர்வு. அடுத்து அசைன்மென்ட். இன்டர்னல் முடிந்ததும் மதிப்பெண் ஏடு. செமஸ்டர் கடைசியில் பேக்கப் எடுத்து அடுத்த ஆண்டுக்குப் பாடத்தைத் தயார்செய்வது.

64 பேரை ஒரே ஹாலில் உட்காரவைத்துப் புரொஜெக்டரில் மெனு மெனுவாகக் காட்டினால் பயனில்லை. ஒரு குழுவுக்கு 12 பேர் போதும். ஆறு பேருக்கு ஒருவர் என்று பக்கத்தில் நின்று உதவ ஆள் வேண்டும். துறை வாரியாகப் பிரியுங்கள். வணிகவியலுக்குப் பேரேட்டுக் கணக்கை வைத்துக் காட்ட வேண்டும், இயற்பியலுக்குச் சமன்பாட்டை வைத்து. பொதுவான மாதிரிப் பாடத்தை வைத்துப் பழகிய கை, சொந்தப் பாடத்துக்கு வரும்போது தயங்கும். அதனால் ஒரு நிபந்தனை வையுங்கள்: வருகிறவர் தன் பாடத்தின் ஒரே ஒரு யூனிட்டைக் கையில் கொண்டு வர வேண்டும். ஐந்து யூனிட்டும் வேண்டாம். அந்த ஒரு யூனிட் முழுமையாகத் தளத்தில் நிற்க வேண்டும். ஒன்று ஒழுங்காக நின்றால் மற்ற நான்கும் அதே அச்சில் தானாக வரும்.

முதல் அமர்வின் முதல் 30 நிமிடம் ஆசிரியர் கணக்கைத் திறக்கவே விடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சோதனை மாணவர் கணக்கு கொடுங்கள். சொந்த போனில், வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் உள்ளே வரச் சொல்லுங்கள். இரண்டு வேலை மட்டும்: யூனிட் 2-க்குரிய பாடக்குறிப்பைக் கண்டுபிடிக்க வேண்டும், நான்கு பக்கம் கையால் எழுதியதைப் படமெடுத்துச் சமர்ப்பிக்க வேண்டும். 'ஸ்கேன்0012' என்று பெயரிட்ட பி.டி.எஃப்.களுக்கு நடுவே தேடும்போது பிரச்சினை அவர்களுக்கே தெரிந்துவிடும். எந்த விரிவுரையையும்விட இந்த அரை மணி நேரம் அதிகம் வேலை செய்யும். பிறகு ஆசிரியர் கணக்குக்கு மாறினாலும் பெயர் மெனு வழியாக மாணவராக மாறிப் பார்க்கும் வசதியை அடிக்கடி பயன்படுத்தப் பழக்குங்கள்.

யூனிட்டை அமைக்கும்போது ஒவ்வொரு வாரத்தின் தலையிலும் மூன்று வரி இருக்க வேண்டும்: எதைப் படிக்க வேண்டும், படித்துவிட்டு என்ன செய்ய வேண்டும், எந்த நாளுக்குள். அதற்குக் கீழேதான் கோப்புகள். எந்தத் துறையானாலும் இதே அமைப்பு இருந்தால், ஆறு பாடம் படிக்கிற மாணவர் ஆறு விதமான பக்கங்களில் அலைய வேண்டியதில்லை. ஒரு வெற்று மாதிரிப் பாடத்தை நீங்களே செய்து, பேக்கப் எடுத்து, 64 பேருக்கும் ரீஸ்டோர் செய்து கொடுத்துவிடுங்கள். வெற்றுப் பக்கத்தைப் பார்த்துத் திகைப்பது குறையும்.

அசைன்மென்டில் எல்லோரும் தடுமாறுவது இரண்டு தேதிகளில். கெடு நாள் ஒன்று, மூடும் நாள் வேறொன்று. கெடு நாள் தாண்டினாலும் மூடுல் வாங்கிக்கொள்ளும், 'தாமதம்' என்று குறிக்கும். மூடும் நாள் தாண்டினால் வாங்கவே வாங்காது. கெடு நாளை மட்டும் போட்டுவிட்டு "கடைசி நாள் முடிந்த பிறகும் வந்துகொண்டே இருக்கிறதே" என்று கேட்பவர்கள் நிறைய. இரண்டுக்கும் நடுவே மூன்று நாள் விட்டால், பஸ் தவறியவருக்கும் நெட் கிடைக்காதவருக்கும் வழி இருக்கும்.

திருத்துவதற்கு ரூப்ரிக் (எந்த அம்சத்துக்கு எத்தனை மதிப்பெண் என்ற அட்டவணை) சொல்லிக்கொடுங்கள், ஆனால் நான்கு வரிசைக்கு மேல் போக வேண்டாம். 10 மதிப்பெண் அசைன்மென்டுக்கு: கருத்து 4, எடுத்துக்காட்டு 3, ஒழுங்கமைப்பு 2, மொழி 1. 60 தாள் திருத்துகிறவருக்கு ஒவ்வொன்றிலும் நான்கு சொடுக்கு போதும். மதிப்பெண் ஏன் குறைந்தது என்று மாணவருக்கும் தெரியும்.

சர்வர்_ரூம்

பயிற்சிக்கு முன் சர்வரைச் சரிசெய்யாவிட்டால் ஆசிரியர்கள் மறுபடி வாட்ஸ்அப்புக்கே போவார்கள். அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை.

முதலில் கோப்பு அளவு. மூடுல் எழுதப்பட்டிருக்கும் கணினி மொழியான பி.எச்.பி., அமைப்பை மாற்றாமல் விட்டால், ஒரு கோப்புக்கு 2 எம்.பி., மொத்தச் சமர்ப்பிப்புக்கு 8 எம்.பி. மட்டும்தான் அனுமதிக்கும். போன் படம் ஒன்று 3, 4 எம்.பி. வரும். 12 பக்க அசைன்மென்ட் 40 எம்.பி.யைத் தொடும். கோப்பு வரம்பை 50 ஆக்கினால் மொத்த வரம்பை 55 ஆவது ஆக்குங்கள், மொத்தம் எப்போதும் பெரிதாக இருக்க வேண்டும். முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் மென்பொருள் இருந்தால் அதற்குத் தனியாக 1 எம்.பி. வரம்பு உண்டு, அதைத் தொடாமல் விட்டால் 413 என்று பிழை வரும். இதற்கு மேல் மூடுலுக்குள்ளேயே தளம், பாடம், அசைன்மென்ட் என்று மூன்று வரம்புகள். இத்தனையிலும் எது சிறியதோ அதுதான் நடைமுறைக்கு வரும். மாணவர்களுக்கும் ஒன்று சொல்லுங்கள்: கேமராவில் நேரடியாக எடுக்காமல், ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளையில் எடுத்து ஒரே பி.டி.எஃப். ஆக்கினால் அளவு பல மடங்கு குறையும்.

அடுத்தது கிரான். மூடுலின் பின்னணி வேலைகளை ஓட்டுவது அதுதான். நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும். ஓடாவிட்டால் அறிவிப்பு மெயில் போகாது, நேரம் முடிந்த பிறகும் திறந்தபடி விட்டுப் போன தேர்வுத்தாள் தானாகச் சமர்ப்பிக்கப்படாது. இன்னொன்று, கிரான் சரியாக ஓடினாலும் விவாதப் பகுதிப் பதிவுக்கு மெயில் 30 நிமிடம் கழித்துத்தான் போகும், பதிவைத் திருத்திக்கொள்ள விடும் அவகாசம் அது. "நாளை வகுப்பு இல்லை" போன்ற அவசரச் செய்திக்கு, பதிவிடும்போதே உடனே அனுப்பு என்ற கட்டத்தை டிக் செய்யச் சொல்லிக்கொடுங்கள். இது தெரியாமல் "மெயிலே போகவில்லை" என்று தளத்தைக் கைவிட்டவர்கள் உண்டு.

மாணவர் பட்டியலை எக்செல்லில் தயாரித்து சி.எஸ்.வி. (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக்கோப்பு) ஆக ஏற்றும்போது பதிவெண் நாசமாகும். முன்னால் வரும் பூஜ்ஜியத்தை எக்செல் விழுங்கிவிடும். 12 இலக்கமோ அதற்கு மேலோ இருந்தால் அறிவியல் குறியீட்டில் சுருக்கிக் காட்டும், அப்படியே சி.எஸ்.வி.யிலும் போய்விடும். எண்ணை ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள், ஒட்டிய பிறகு மாற்றிப் பயனில்லை. தமிழ்ப் பெயர்கள் இருந்தால், எழுத்து சிதையாமல் இருக்க யு.டி.எஃப்.-8 என்ற குறியீட்டு முறையில் சேமிக்க வேண்டும்.

280 பேர் விஷயம். எல்லோரும் 10:00:00-க்குத் தொடங்கு பொத்தானை அழுத்தும் அந்த ஒரு நிமிடம்தான் ஆபத்து, நடுவில் எழுதும் நேரம் அல்ல. தேர்வைக் காலை 9 முதல் இரவு 9 வரை திறந்துவைத்து, உள்ளே வந்ததிலிருந்து 30 நிமிடம் என்று நேரக் கட்டுப்பாடு போட்டால் கூட்டம் தானாகப் பிரியும். ஒரே நேரத்தில்தான் நடத்த வேண்டும் என்றால் பிரிவு பிரிவாக 15 நிமிட இடைவெளி விடுங்கள். ஒரு வைஃபை கருவியை நம்பி லேபில் 60 போன்களைச் சேர்க்காதீர்கள். அங்கே தடுமாறுவது நெட்வொர்க், ஆனால் பழி சர்வர்மேல் விழும்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் எந்த நாள் என்று பார்த்துவிட்டு அமர்வுத் தேதியைக் குறியுங்கள்.

தமிழ்த்துறை_தேவகோட்டை

கேள்விகள் ஆங்கில எழுத்துக் குவியலாக வருவதற்குக் காரணம் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். அவற்றில் தட்டச்சு செய்த கோப்பில் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. மூடுலில் ஒட்டும்போது போர்வை விலகிவிடும். தமிழக அரசு 2010-லேயே, எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது, ஆனாலும் துறைகளில் உள்ள பழைய வினா வங்கிகள் பெரும்பாலும் பாமினியில்தான் கிடக்கின்றன. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள். மாற்றிய பிறகு ஒருவர் கண்ணால் முழுதும் படித்தாக வேண்டும். நடுவே ஆங்கிலச் சொற்கள் இருந்திருந்தால் அவற்றையும் தமிழாக நினைத்து மாற்றிக் குழப்பியிருக்கும். புதிதாக அடிப்பதற்குத் தமிழ்99 விசைப்பலகை. ஒரு அமர்வில் முதல் 20 நிமிடம் இதற்கே ஒதுக்கலாம், வீண் அல்ல.

கேள்விகளை ஒவ்வொன்றாக மூடுலில் அடிப்பதைவிட, நோட்பேடில் கிஃப்ட் என்ற, மூடுல் படிக்கும் எளிய உரை முறையில் எழுதி மொத்தமாக ஏற்றுவது வேகம். ஒரு கேள்வி இப்படி இருக்கும்:

::ஆத்தங்குடி 1::ஆத்தங்குடி ஓடு எதனால் கெட்டிப்படுகிறது? {
=சிமென்ட் நீரோடு வினைபுரிவதால்
~சூளையில் சுடுவதால் #இது சுடாத ஓடு
~வெயிலில் நீர் வற்றுவதால் #ஓட்டை ஏன் நீரில் ஊறவைக்கிறார்கள் என்று யோசியுங்கள்
~கண்ணாடித் தட்டின் சூட்டால் #கண்ணாடி வழவழப்பைத்தான் தருகிறது
}

சமக்குறி சரியான விடை, அலைக்குறி தவறான விடை. கட்டக்குறிக்கு (#) பின் வருவது அந்த விடையைத் தேர்ந்த மாணவருக்குத் தோன்றும் குறிப்பு. இந்தக் குறிப்பை எழுதச் சொல்லிக்கொடுப்பதுதான் என்னைக் கேட்டால் மொத்தப் பயிற்சியிலும் முக்கியம், அதில்தான் ஆசிரியர் பேசுகிறார். ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு வெற்று வரி வேண்டும், கேள்விக்குள்ளே வெற்று வரி கூடாது. கணக்கு, வணிகவியல் கேள்விகளில் சமக்குறியோ முக்காற்புள்ளியோ வந்தால் முன்னால் சாய்கோடு போட வேண்டும், \= என்று. இல்லாவிட்டால் மூடுல் அதைக் கிஃப்ட் குறி என்று எடுத்துக்கொண்டு கேள்வியைத் தவறாகப் படிக்கலாம், இறக்குமதியே நின்றுபோகலாம். கோப்பை யு.டி.எஃப்.-8 ஆகச் சேமியுங்கள்.

குறுவிடைக் கேள்வியில் ஒரு கண்ணி இருக்கிறது. ஔவையார் என்பது சரியான விடை என்று வையுங்கள். மாணவர் பலர் போனில் ஒ, ள இரண்டையும் தனித்தனியாக அடித்து ஒளவையார் என்று எழுதுவார்கள். கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், கணினிக்கு வேறு சொல். பூஜ்ஜியம் விழும். இரண்டு வடிவத்தையும் சரியான விடையாகச் சேர்த்துவிட வேண்டும். 'ர்', 'ன்' விகுதி வேறுபாடுகளுக்கு நட்சத்திரக் குறி போட்டுக் 'கம்ப*' என்று கொடுக்கலாம், ஆனால் அது கம்பராமாயணத்தையும் சரி என்று ஏற்கும். எங்கே போடலாம், எங்கே கூடாது என்று யோசித்துப் போடுங்கள்.

ஒருங்கிணைப்பாளர்_காரைக்குடி

மூவருக்கும் மிக்க நன்றி. பாமினிதான் காரணம், கோப்பைத் திறந்து பார்த்துவிட்டேன். விடை வெளியே போனதற்கு என்ன செய்வது? வீடியோ பாடங்கள் வேண்டும் என்று நிர்வாகம் கேட்கிறது. ஒரு வகுப்பு முழுவதையும் பதிவுசெய்து ஏற்றலாமா? மூத்த பேராசிரியர்கள் சிலர் தங்கள் பாஸ்வேர்டை ஆய்வு மாணவரிடம் கொடுத்து வேலையை முடித்துவிடுகிறார்கள், அதையும் எப்படிக் கையாள்வது என்று தெரியவில்லை.

வணிகவியல்_பள்ளத்தூர்

விடை வெளியே போனது அமைப்புப் பிழை மேடம்/சார், மாணவர்களைத் திட்டிப் பயனில்லை. வினாத்தேர்வு அமைப்பில் 'மறுபார்வை விருப்பங்கள்' என்று நான்கு பத்திகள் இருக்கும்: எழுதும்போது, எழுதி முடித்ததும், பிறகு தேர்வு திறந்திருக்கும்போது, தேர்வு மூடிய பின். சரியான விடை என்ற டிக் நடு இரண்டு பத்திகளில் இருந்தால் முதல் மாணவர் முடித்த நிமிடமே எல்லா விடையும் அவர் திரையில் வரும். அந்த டிக்கைக் கடைசிப் பத்தியில் மட்டும் விடுங்கள். கூடவே யூனிட் வாரியாக வினா வங்கியில் 30 கேள்வி சேர்த்து, ஒவ்வொருவருக்கும் 10 மட்டும் தானாக எடுக்கும்படி வையுங்கள். ஒரு மாணவர் எழுதத் தொடங்கிவிட்டால் அந்தத் தேர்வில் கேள்வியைச் சேர்க்கவோ நீக்கவோ மூடுல் விடாது. அதனால் திறக்கும் முன் இன்னொரு ஆசிரியர் ஒருமுறை முன்னோட்டம் எழுதிப் பார்ப்பதைக் கட்டாயமாக்குங்கள்.

வீடியோவுக்குக் கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் 45 நிமிட வகுப்பு சுமார் 340 எம்.பி. ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி. உள்ள மாணவருக்கு நான்கு வகுப்பு பார்த்தால் டேட்டா தீர்ந்துவிடும். அதே தரத்தில் 6 நிமிடத் துண்டு 45 எம்.பி. எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் வீடியோ அமர்வுகளை அலசி 2014-ல் வெளிவந்த ஆய்விலும், வீடியோ எவ்வளவு நீளமானாலும் மாணவர் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆகவே முழு வகுப்பைப் பதிவுசெய்ய வேண்டாம். ஒரு கருத்துக்கு ஒரு துண்டு. ஐந்தொகை எடுக்கும் கணக்கை நான்காக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் இரண்டு கேள்வி வையுங்கள். யூடியூபில் பட்டியலிடப்படாத வீடியோவாக ஏற்றி இணைப்பை மட்டும் மூடுலில் வைத்தால், நெட் வேகத்துக்கு ஏற்ப அதுவே தரத்தைக் குறைத்துக்கொள்ளும், உங்கள் சர்வருக்கும் சுமை இல்லை. விளக்கம் மட்டும் போதுமானால் ஒலிப்பதிவு. 64 கிலோபிட்டில் 10 நிமிடம் 5 எம்.பி.க்குள் அடங்கும். படம் மங்கினாலும் பொறுத்துக்கொள்வார்கள், குரல் இரைந்தால் மூடிவிடுவார்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், சட்டையில் மாட்டும் மைக் ஒன்றைத் துறைக்குத் துறை வாங்குங்கள்.

பாஸ்வேர்டு விஷயத்தில் தயவுசெய்து கண்டிப்பாக இருங்கள். அந்தக் கணக்கில்தான் இன்டர்னல் மதிப்பெண் இருக்கிறது. யார் மாற்றினாலும் பதிவேட்டில் பேராசிரியர் பெயர்தான் நிற்கும். உதவுகிறவருக்கு அவருடைய சொந்தக் கணக்கில் ஒரு பங்கை (ரோல், அதாவது என்னென்ன செய்யலாம் என்ற உரிமைத் தொகுப்பு) கொடுங்கள். மூடுலில் உள்ள 'திருத்த உரிமையற்ற ஆசிரியர்' பங்கும் மதிப்பெண் போடும், அதனால் அது வேண்டாம். பாடப் பொருளை ஏற்ற மட்டும் அனுமதித்து, மதிப்பெண் உரிமைகளை நீக்கிய தனிப் பங்கை நிர்வாகி உருவாக்கித் தரலாம். மூத்தவர்களிடம் எல்லாவற்றையும் எதிர்பார்க்க வேண்டாம். முப்பது ஆண்டு பாடம் நடத்தியவர் நல்ல கேள்வியும், தவறான விடைக்குக் குறிப்பும் எழுதுவார், மற்றவர்களால் அது முடியாது. அவர் தாளில் எழுதட்டும். பக்கத்தில் இளைய ஆசிரியர் உட்கார்ந்து ஏற்றட்டும். விவாதப் பகுதியில் பதில் எழுதுவதையும் அசைன்மென்ட் திருத்துவதையும் மட்டும் அவரே தன் கணக்கில் செய்யப் பழகினால் போதும்.

பாட_வடிவம்

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்த செமஸ்டரிலேயே ஆசிரியர்களை, ஐ.ஐ.டி.களும் ஐ.ஐ.எஸ்சி.யும் நடத்தும் இணையப் பாடத் திட்டமான என்.பி.டி.இ.எல்.-இல் ஒரு பாடத்தில் மாணவராகச் சேரச் சொல்லுங்கள், 4 வாரப் பாடம் போதும். சேர்வதற்குக் கட்டணம் இல்லை. வாராவாரம் அசைன்மென்ட் கெடு எப்படி நெருக்குகிறது, பதில் வராத கேள்வி எப்படி உறுத்துகிறது என்பதை அங்கே அனுபவிப்பார்கள். என்.பி.டி.இ.எல். பாடங்களும் இடம்பெறும் மத்திய அரசின் ஸ்வயம் தளப் பாடங்கள் வழியாகப் பெறும் கிரெடிட்டுக்கு யு.ஜி.சி. 2016-ல் 20 சதவீதம் வரை அனுமதித்தது, 2021-ல் அதை 40 ஆக்கியது. மாணவர்களை அங்கே அனுப்புகிற ஆசிரியருக்கு அந்தத் தளம் பழகியிருக்க வேண்டும்.

பயிற்சி பலித்ததா என்று பார்க்க வருகைப் பதிவேட்டை எண்ணாதீர்கள். செமஸ்டரின் எட்டாம் வாரத்தில் ஒவ்வொரு பாடத்திலும் மூன்று விஷயம் பாருங்கள்: மாணவர் கேள்விக்கு ஆசிரியர் 48 மணி நேரத்துக்குள் பதில் எழுதியிருக்கிறாரா, முதல் அசைன்மென்ட் திருத்திக் குறிப்போடு திரும்பியிருக்கிறதா, ஒருமுறைகூட உள்ளே வராத மாணவர் யார். கடைசியதைப் பங்கேற்பு அறிக்கையில் பார்க்கலாம், அந்த அறிக்கையிலேயே வராதவர்களைத் தேர்ந்து ஒரே செய்தியாக அனுப்பலாம். இதை நான்காம் அமர்வில் 10 நிமிடம் ஒதுக்கிச் செய்துகாட்டுங்கள். வாரம் இரண்டு நாள், மதியம் 3 முதல் 4 வரை, ஒரு அறையில் உதவ ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும். ஆறு அமர்வில் வராத கேள்விகள் அங்கேதான் வரும்.

ஒருங்கிணைப்பாளர்_காரைக்குடி

கோப்பு வரம்பையும் கிரானையும் இந்த வாரமே பார்க்கிறோம். முதல் குழு தமிழ், வணிகவியல் இரண்டும், 12 பேர். வினா வங்கியை யூனிகோடுக்கு மாற்றும் வேலையை மே கடைசிக்குள் முடிக்க இரண்டு பேரிடம் ஒப்படைத்திருக்கிறேன். மதிப்பெண் உரிமை இல்லாத பங்கை உருவாக்கும்போது சந்தேகம் வந்தால் இங்கேயே கேட்கிறேன்.